வட்டவளை மச்சான் செய்த புத்தக அலுமாரி

தோட்டப் பாடசாலை,
கல்லுமலை மேற்பிரிவு,
ஹட்டன் வழி.
1959 ஆடி, வெள்ளிக்கிழமை மத்தியானம்.

தச்சு வேலையில் வட்டவளை முழுக்கப் பேர் விளங்கும், என் மரியாதைக்குரிய மச்சான் செல்லசாமி அவர்கள் சமூகத்துக்கு,

மாப்பிள்ளை ஆண்டியப்பன் கும்பிட்டு எழுதிக்கொள்வது. இவ்விடம் மழை, பனி, அட்டைக்கடி மூன்றையும் கழித்துவிட்டுப் பார்த்தால் நானும் தங்கள் தங்கச்சி அழகம்மாவும் பூரண சுகம். அவ்விடம் தாங்களும் மீனம்மா அக்காவும் பிள்ளைகளும் அதேபோல் சுகமாயிருக்க மாரியம்மனை வேண்டுகிறேன். வட்டவளையில் எந்நாளும் பெய்கிற மழை விட்டதா என்று அந்த ஊர்க்காரரிடம் கேட்பது மரியாதையில்லை, ஆகவே கேட்கவில்லை.

முறைப்படி இதற்கடுத்து உங்கள் பசுமாட்டையும் கோழிகளையும் விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வர வேண்டும். ஆனால் கை நிற்கமாட்டேன் என்கிறது. மச்சான், நாம் ஜெயித்துவிட்டோம். இன்று காலையில் வித்தியாதரிசி ஐயா பாடசாலைக்கு வந்து சோதனை முடித்து, புத்தகம் அத்தனையும் இங்கேயே இருக்கட்டும் என்று தன் வாயால் சொல்லிவிட்டுப் போனார். ஒன்றுகூட ஹட்டனுக்குத் திரும்பிப் போகாது. அவருடைய கார் வளைவில் மறைந்ததும் நான் பிள்ளைகளுக்கு லீவு விட்டுவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, கரும்பலகைக்கு முன்னால் ஒரு குதி குதித்தேன். யாரோ பார்த்திருக்கிறார்கள். இதற்குள் லயத்தில் எல்லா வீட்டுக்கும் தெரிந்துவிட்டது.

உங்களுக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கு மனசு ஆறும். அரசாங்க வித்தியா கந்தோரில் இந்த வருஷத் தொடக்கத்தில் ஒரு பெட்டி நிறையக் கதைப் புத்தகம் கொடுத்தார்கள். சும்மா கொடுக்கவில்லை. தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் புத்தகம் கொடுத்தால் அடுப்புக்குத்தான் போகும் என்று அந்தக் கந்தோரில் யாரோ ஒரு புண்ணியவான் சொல்லியிருக்கிறார். அதனால் ஆடி மாதம் வரைக்கும் பரீட்சார்த்தமாக வைத்திருங்கள், அதற்குள் ஒரு புத்தகம் தொலைந்தாலோ, கிழிந்தாலோ, பிள்ளைகள் அடங்காமல் இருந்தாலோ, எல்லாவற்றையும் டவுன் பள்ளிக்கூடத்துக்கு மாற்றிவிடுவோம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். டவுன் பள்ளிக்கூடத்துக்கு என்ன குறை, அங்கே புத்தகத்துக்கென்று தனி அறையும் சுவர்க் கடிகாரமும் இருக்கின்றன. நம் பிள்ளைகள் இதுவரை வாசித்ததெல்லாம் மஃறூப் நானா கடையில் சீனி சுற்றித் தருகிற தாள்தான். ஒரு கதையின் நடுப்பக்கம் பருப்போடு வீட்டுக்கு வரும், அதன் முடிவு எந்த வீட்டுக்கு மிளகாய்த்தூளோடு போனதோ யாருக்கும் தெரியாது. பெட்டியைத் திறந்த அன்றைக்கு இந்தப் பிள்ளைகள் என்ன செய்தார்கள் தெரியுமா மச்சான், ஒவ்வொரு புத்தகத்திலும் முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் புரட்டிப் பார்த்தார்கள், முடிவு இருக்கிறதா என்று. இந்தப் பெட்டியை விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

அதற்குத்தானே உங்களுக்கு ஆள் மேல் ஆள் அனுப்பி அலுமாரி கேட்டேன். தேயிலைப் பெட்டிப் பலகையில் அப்படி ஒரு அலுமாரியை வேறு யார் செய்வார்கள்? முன்னால் கண்ணாடி, நடுவில் பித்தளைப் பூட்டு, கதவைச் சாத்தினால் டக்கென்று ஒரு சத்தம். நீங்கள் லொறியில் கொண்டுவந்து இறக்கி, ஆணி அடித்துக்கொண்டிருக்கும்போதே ஸ்டேஷனில் கோச்சிக்கு நேரமாகிவிட்டது என்று சுத்தியலும் கையுமாக ஓடினீர்கள், ஒரு வாய் தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லை என்று அழகம்மாவுக்கு இன்னும் வருத்தம். நம் பள்ளிக்கூடத்துக்கு முழுச்சுவர் எங்கே இருக்கிறது, எல்லாம் அரைச்சுவர்தானே. அதனால் அலுமாரியின் முதுகை அரைச்சுவரோடு ஒட்டி நிறுத்தினேன். முதுகின் மேல்பாதி சுவருக்கு மேலே வெளிப்பக்கம் தெரிகிறது. சாரல் அடிக்காமலிருக்க அங்கே இரண்டு சாக்கைத் தைத்துத் தொங்கவிட்டேன். அந்தப் பக்கம் தேயிலைச் செடியைத் தவிர பார்ப்பதற்கு ஒருவரும் இல்லை.

அலுமாரி நின்ற அன்றைக்கே அழகம்மா வந்து ஒரு புத்தகம் கேட்டாள். அவள் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள், வாசிக்க ஆசைப்பட்டதில் தப்பில்லை. ஆனால் சட்டம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? புத்தகம் மாணவருக்கு மட்டும் என்று காலையில்தான் எழுதி ஒட்டியிருந்தேன். பெண்டாட்டிக்கு முதல் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு ஊருக்கு எப்படிச் சட்டம் பேசுவது? முடியாது என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு ராத்திரி ரசத்தில் உப்பு இல்லை. அதையும் நான் பொறுத்துக்கொண்டேன்.

சட்டம் என்றால் சும்மா சட்டமில்லை மச்சான், ஒவ்வொன்றும் யோசித்து யோசித்துச் செய்தது. காலையில் மலைக்குப் போகுமுன் ஆட்களைப் பெரட்டுக்களத்தில் நிறுத்துவதுபோல, புத்தகம் எடுக்கிற பிள்ளைகளை அலுமாரிக்கு முன்னால் வரிசையில் நிறுத்துவேன். முதலில் கை காட்ட வேண்டும், பிறகு கால் காட்ட வேண்டும். கால் எதற்கு என்று வித்தியாதரிசியே கேட்டார். ஒருநாள் ஒரு அட்டை செரீபாவின் காலிலிருந்து புத்தகத்துக்கு ஏறி, இரண்டு பக்கத்துக்கு நடுவில் நசுங்கி, ஒரு ராஜகுமாரியின் கல்யாணப் படத்தை இரத்தக்களறியாக்கிவிட்டது. செரீபா மஃறூப் நானாவின் மகள், பொல்லாத ரோஷக்காரி, அன்று முழுக்க அழுதாள். அதிலிருந்து கால் பார்க்காமல் புத்தகம் இல்லை. யாராவது சட்டத்தை மீறினால், கொழுந்து குறைந்த ஆளுக்குத் தோட்டத்தில் அரை நாளை வெட்டி அரைப்பேர் போடுகிறார்களே, அதேபோல நானும் அரைப்பேர் போடுவேன். அரைப்பேர் வாங்கினவனுக்கு அடுத்த வாரம் புத்தகம் கிடையாது.

முதல் அரைப்பேர் மூக்கனுக்கு. மூன்றாம் வகுப்புப் பையன், முழியைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அவன் திருப்பிக் கொடுத்த புத்தகம் மேலட்டையில் ஒரு கீறல்கூட இல்லாமல் பளபளவென்று இருந்தது. உள்ளே பார்த்தால் நடுவில் நாலு தாளைக் காணோம். எங்கேயடா என்றால் வானத்தைக் காட்டுகிறான். பட்டம் விட்டிருக்கிறான். "மேலட்டையத்தானே பத்திரமா வச்சுக்கச் சொன்னீங்க மாஸ்டர்," என்கிறான். காற்றுக் காலம், பட்டம் எட்டாம் நம்பர் மலைக்கு மேலே நின்று வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. என் சர்வீஸே அங்கே ஆடுகிறதுபோல் இருந்தது. பள்ளிக்கூடத்தையே கூட்டிக்கொண்டு மலையேறி, கொழுந்தெடுக்கிற பெண்டுகள் எல்லாம் கூடையோடு நின்று சிரிக்கச் சிரிக்க, அந்தப் பட்டத்தை இறக்கி, தாளைப் பிரித்தெடுத்து, அழகம்மா காய்ச்சிக் கொடுத்த கோதுமை மாப் பசையால் ஒட்டினேன். கதை ஒழுங்காகத்தான் இருக்கிறது, இரண்டு பக்கம் மட்டும் தலைகீழ்.

அன்றைக்குத்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஒவ்வொரு புத்தகத்தையும் பக்கம் பக்கமாக எண்ணி வாங்க என்னால் ஆகாது. ஆனால் எடை பார்க்கலாமே? போகும்போது ஒரு எடை, வரும்போது ஒரு எடை. குறைந்தால் தாள் கிழிந்திருக்கிறது. தோட்டத்தில் கொழுந்தை நிறுக்காமல் யாராவது வாங்குகிறார்களா? கிளாக்கர் முத்துலிங்கம் ஐயாவிடம் போய்க் கெஞ்சி, ஸ்டோரில் சும்மா கிடந்த பழைய கொழுந்துத் தராசை வாங்கிவந்து வகுப்பு உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டேன். கொழுந்துத் தராசில் ஒரு கதைப் புத்தகத்தைப் போட்டால் முள் லேசாகத் தலையசைக்கும், அவ்வளவுதான். ஆகவே புத்தகத்தோடு ஒரு கல்லையும் போட்டு நிறுத்தேன். முதல் வாரம் பிரமாதமாக நடந்தது. மேலே கேளுங்கள், ஆனி மாதம் வந்தது, மழை வந்தது.

மழையில் போய்வந்த புத்தகமெல்லாம் எடை கூடி வந்தன. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. குறைந்தால் என்ன செய்வது என்று சட்டம் இருக்கிறது, கூடினால் என்ன செய்வது? தாளைக் கிழித்துவிட்டு நனைத்துக் கொண்டுவந்தால் எடை சரியாகிவிடுமே? யோசித்துக்கொண்டு நிற்கையில் ஐந்தாம் வகுப்புப் பூரணி எழுந்தாள். அவள் அம்மா மலையில் கொழுந்தெடுக்கிறவள், நிறுக்கிற இடத்தில் கணக்கப்பிள்ளையோடு தினமும் சண்டை போடுகிறவள். பூரணிக்கு அந்த வாய் அப்படியே இறங்கியிருக்கிறது. மழை நாளில் அவள் அம்மாவுக்குக் கூடைக்கு இரண்டு றாத்தல் தண்ணிக்கென்று வெட்டுகிறார்களாம், இங்கே புத்தகத்துக்கு எவ்வளவு என்று கேட்டாள். பிள்ளை நியாயமாய்த்தானே கேட்கிறது என்று நினைத்து, அந்த நிமிஷமே ஒரு சட்டம் போட்டேன்: மழை நாளில் வரும் புத்தகத்துக்குத் தண்ணிக் கழிவு உண்டு. முள் காட்டுகிற எடையில் கொஞ்சத்தை வெட்டிவிட்டு மிச்சத்தைத்தான் பார்ப்பேன். எவ்வளவு தண்ணி என்று எப்படித் தெரியும் என்கிறீர்களா? கணக்கப்பிள்ளைக்கு மட்டும் எப்படித் தெரிகிறது? கண்பார்வையில் வெட்டுவதுதான்.

அதில்தான் வினை வந்தது. நான் கண்பார்வையில் வெட்டியதில், ஒரு தாளும் கிழியாத புத்தகமெல்லாம் எடை குறைந்துவிட்டது. வகுப்பில் முக்கால்வாசிப் பேருக்கு அரைப்பேர். மறுநாள் காலை மணியடித்தால் வகுப்பில் ஒருவருமில்லை. வெளியே எட்டிப் பார்க்கிறேன், விறாந்தையில் அத்தனை பேரும் தலையில் சாக்குக் கொங்காணியோடு வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஸ்ட்ரைக். நடுவில் பூரணி. பக்கத்தில் நாலாம் வகுப்புக் கணேசமூர்த்தி, அவனுடைய சிலேட்டில் கோரிக்கை எழுதியிருக்கிறது, தண்ணிக் கழிவு ஒழிக என்று. அதில் ஒற்றெழுத்தெல்லாம் சரியாகப் போட்டிருந்தான், அந்தக் கோபத்திலும் எனக்கு ஒரு சந்தோஷம்.

சமாதானமாகப் பேசி முடித்திருப்பேன். அதற்குள் தோட்டத்துச் சங்கத் தலைவர் வீரய்யா வந்துவிட்டார். ஸ்ட்ரைக் என்று கேட்டால் அவருக்கு வீட்டில் இருப்புக்கொள்ளாது. சால்வையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு, இரு தரப்பும் பேச்சுவார்த்தைக்கு வர வேண்டும் என்று சொல்லி, என்னை ஒரு பெஞ்சிலும் பூரணியை எதிர் பெஞ்சிலும் உட்காரவைத்துவிட்டார். என் பெஞ்சுதான் ஆடுகிற பெஞ்சு. கடைசியில் தண்ணிக் கழிவை வாபஸ் வாங்கினேன், அரைப்பேரெல்லாம் முழுப்பேர் ஆனது, பிள்ளைகள் கைதட்டினார்கள். இதோடு முடிந்ததா? அன்று சாயந்தரம் கொழுந்து நிறுக்கிற இடத்தில் பெண்டுகள் எல்லாம் கூடையை இறக்கிவைத்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் எடுத்துவிட்டார்கள், இங்கே எப்போது எடுப்பீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். முத்துலிங்கம் ஐயா குடையைக்கூட விரிக்காமல் நனைந்துகொண்டு ஓடிவந்தார். "மாஸ்டர், தராச முதல்ல எறக்குங்க. தொரை காதுக்குப் போனா ஒங்களுக்கும் பேர் இல்ல எனக்கும் பேர் இல்ல," என்று அவரே உத்தரத்தில் ஏறி அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்.

சரி, இனிமேல் இரக்கம் காட்டினால் புத்தகம் டவுனுக்குத்தான் போகும் என்று கடைசிச் சட்டத்தைப் போட்டேன். வித்தியாதரிசி வரும்வரை ஒரு புத்தகமும் வெளியே போகாது. அலுமாரியைப் பூட்டி, சாவியை என் அரைஞாணில் கட்டிக்கொண்டேன். குளிக்கும்போதும் அவிழ்க்கவில்லை. கண்ணாடி வழியாக யார் வேண்டுமானாலும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம், அதற்கு நான் தடை சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை மட்டும் ஒரு மணி நேரம் என் கண்முன்னே வாசிக்க வேண்டும், அதுவும் மௌனமாக. இந்தப் பிள்ளைகளுக்குச் சத்தமில்லாமல் வாசிக்கத் தெரியாது மச்சான். வாயை மூடு என்றால் மூடிக்கொண்டு ம்ம்ம் என்று மூக்காலேயே வாசிக்கிறார்கள். வகுப்பு முழுக்கத் தேன்கூடு கலைந்த மாதிரி ஒரு இரைச்சல், எனக்குத் தலைவலி வந்து அழகம்மா சுக்குப் பற்றுப் போட்டாள்.

ஆனால் அந்தப் பூட்டின் மகிமையைச் சொல்லாமல் இருக்க முடியாது. பூட்டின முதல் இரண்டு மூன்று நாள் பிள்ளைகள் முகம் தொங்கிப்போயிருந்தது உண்மை, எனக்கே சோறு இறங்கவில்லை. அதற்குப் பிறகு பார்த்தால் ஒரு பிள்ளையாவது புத்தகம் கேட்கவேண்டுமே? கேட்கவில்லை. சண்டையில்லை, முனகலில்லை, பூரணிகூட என்னைப் பார்த்தால் சிரித்துக்கொண்டு கும்பிடுகிறாள். கட்டுப்பாடு என்றால் இதுதான் கட்டுப்பாடு என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரேயொரு ஆச்சரியம், வெள்ளிக்கிழமைகளில் அலுமாரியைத் திறந்தால் புத்தகங்களில் லேசாக அடுப்புப் புகை வாசம் அடிக்கும், ஒன்றிரண்டில் ரொட்டி வாசமும். பனிக்குப் பலகை இப்படித்தான் மணக்கும்போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். தேயிலைப் பெட்டிப் பலகைக்கு அந்தக் குணம் உண்டா என்பதை உங்கள் பதிலில் தெரிவிக்கவும்.

இப்போது இன்றைய விஷயத்துக்கு வருகிறேன். வித்தியாதரிசி ஐயா யாழ்ப்பாணத்து மனுஷர், கம்பளி கோட்டுக்கு மேலே இன்னொரு கம்பளி கோட்டு, சிரிப்பு என்பதே கிடையாது. வந்ததும் வராததுமாக அலுமாரியைத் திறக்கச் சொன்னார். அரைஞாணிலிருந்து சாவியை எடுக்க நான் பட்ட பாட்டை எழுதக் கூச்சமாயிருக்கிறது. புத்தகத்தையெல்லாம் மேசையில் அடுக்கிக் கந்தோர்க் கணக்கோடு சரிபார்த்தார். எல்லாம் இருந்தது. ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தார், என்னையும் பார்த்தார், கீழே வைத்தார். பிறகு ஒரு புத்தகத்தைத் தூக்கிக் காட்டி, "இதை ஆர் வாசிச்சனீங்கள்?" என்று கேட்டார். அது நான் யாருக்கும் கொடுக்காத புத்தகம், தராசுக் காலத்தில்கூட வெளியே போகவில்லை. மழையில்லாத ஊருக்குக் குடை விற்கப் போன நரியைப் பற்றி ஏதோ ஒரு கதை. போச்சு, அலுமாரிக்குள் பூட்டிவைத்தால் பிள்ளைகள் எப்படி வாசிப்பார்கள் என்று கேட்கப்போகிறார், அதோடு பெட்டியைத் தூக்கிக் காரில் வைக்கப்போகிறார் என்று நான் நினைக்கும்போதே, அத்தனை பிள்ளைகளும் கையைத் தூக்கினார்கள்.

அத்தனை பேரும் மச்சான். செரீபா எழுந்து கதையை முதலிலிருந்து சொன்னாள். நரி மூட்டை கட்டினதைச் சொல்லும்போது அவளே மூட்டை கட்டினாள். கணேசமூர்த்தி குறுக்கே புகுந்து, நரிக்குப் புத்தியில்லை, வட்டவளைக்கு வந்திருந்தால் ஒரு நாளில் விற்றுத் தீர்ந்திருக்கும் என்றான். பாலர் வகுப்பில் இன்னும் அகரம் எழுதத் தெரியாத அன்ஸார், அவன் செரீபாவின் தம்பி, அவனும் எழுந்து கடைசியில் அந்தக் குடைகளைத் தலைகீழாகக் கவிழ்த்து நரி என்ன செய்தது என்பதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தான். வித்தியாதரிசி வேறொரு புத்தகத்தைக் காட்டினார், அதையும் சொன்னார்கள். இன்னொன்று, அதையும். இது எப்படி நடந்தது என்று அவர் என்னைக் கேட்டார். கட்டுப்பாடு ஐயா, கண்ணாடி வழியாகப் பார்த்துப் பார்த்தே மனசில் பதித்துக்கொள்கிறார்கள் என்று வாயில் வந்ததைச் சொன்னேன். சொல்லி முடிக்கும்போது எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

அந்த மனுஷர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தன் இருபது வருஷ சேவையில் இப்படி ஒரு பாடசாலையைப் பார்க்கவில்லை என்றார். என் சட்டங்களைப் பிரதியெடுத்துத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டார், தைப்பொங்கலுக்குப் பிறகு மற்றத் தோட்டப் பாடசாலைகளுக்கும் புத்தகப் பெட்டி கொடுக்கப்போகிறார்களாம், எல்லா இடத்திலும் இந்த முறையையே நடத்தப்போகிறார்களாம். அடுப்புக்குப் போகும் என்று சொன்ன அந்தப் புண்ணியவானிடம் தானே நேரில் பேசுவதாகச் சொன்னார். அலுமாரியைத் தட்டிப் பார்த்து, இதை யார் செய்தது என்று விசாரித்தார். உங்கள் பேரைச் சொன்னேன். இதேமாதிரி ஒரு டசின் அலுமாரி வேண்டும் மச்சான், ஓடர் கந்தோரிலிருந்து உங்களுக்கு நேரே வரும்.

இந்தக் கடிதத்தின் முக்கிய நோக்கமே அதுதான், ஆகவே கவனமாக வாசிக்கவும். புதிய அலுமாரி ஒவ்வொன்றுக்கும் முதுகுப் பலகையை நல்ல கனமாகப் போட்டு, குறுக்கே இரும்புப் பட்டை கொடுத்து, ஆணிக்குப் பதில் திருகாணி முடுக்கவும். எல்லாத் தோட்டத்திலும் அரைச்சுவர்தான், முதுகு வெளியே தெரியும். நம் பிள்ளைகள் தங்கமான பிள்ளைகள், ஆனால் மற்ற இடத்துப் பிள்ளைகளை நம்ப முடியாது. ஒரு புத்தகம் காணாமல் போனாலும் என் சட்டத்துக்கல்லவா கெட்ட பேர்?

விஷயத்தைச் சொன்னதிலிருந்து அழகம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அடுப்பூதும்போதும் சிரிக்கிறாள், குழம்பில் புளி கரைக்கும்போதும் சிரிக்கிறாள். புருஷனுக்கு ஒரு பெருமை வந்தால் பெண்டாட்டிக்குச் சந்தோஷம் இருக்கத்தானே செய்யும். இன்று ரசத்தில் உப்பு சரியாக இருக்கிறது.

மீனம்மா அக்காவுக்கு என் வணக்கத்தையும், பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதத்தையும் சொல்லவும். மாரியம்மன் கிருபையால் உங்கள் கை உளிக்கு ஓய்வில்லாமல் வேலை வந்துகொண்டேயிருக்கட்டும், கால்வலி குறையட்டும், வட்டவளை வானமும் ஒருநாள் கண் திறக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மாப்பிள்ளை,
ப. ஆண்டியப்பன்,
ஆசிரியரும் நூலகப் பொறுப்பாளரும்.

பின்குறிப்பு: மச்சான், கடிதத்தை மடித்துத் தபால்காரரிடம் கொடுக்கப் புறப்பட்டேன், குடையைக் காணோம். வித்தியாதரிசி போன சந்தோஷத்தில் பள்ளிக்கூடத்திலேயே விட்டுவிட்டேன். எடுக்கப் போனேன். சாயந்தரக் கொழுந்து நிறுத்து முடிந்து ஆட்கள் வீடு திரும்புகிற நேரம். பள்ளிக்கூடத்துக்குப் பின்புறம், நான் தொங்கவிட்ட சாக்குக்கு முன்னால், தூறலில் ஒரு வரிசை நின்றது. பிள்ளைகள், அவர்களுக்கு நடுநடுவே கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்த பெண்டுகள். ஒரு சத்தம் இல்லை மச்சான். இத்தனை மாதமாக நான் தொண்டை கிழியக் கத்தியும் வராத மௌனம் அங்கே இருந்தது. சாக்கு ஒதுங்கியிருந்தது. முதுகுப் பலகை இரண்டு, கதவுமாதிரித் திறந்திருந்தது. உள்ளே கையை விட்டுப் புத்தகம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது உங்கள் தங்கச்சி.

கோச்சிக்கு நேரமாகிவிட்டது, பின்பக்கம் இரண்டே ஆணிதான் அடித்திருக்கிறேன், அடுத்த தடவை வந்து முடித்துத் தருகிறேன் என்று நீங்கள் ஓடுகிற ஓட்டத்தில் அவளிடம் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறீர்கள். அதை அவள் இன்றுதான் என்னிடம் சொன்னாள். நான் பூட்டுப் போட்டு மூன்றாம் நாளே ஆணியைப் பிடுங்கியிருக்கிறாள். சாயந்தரம் எடுத்தால் விடியற்காலை மணிக்கு முன் திரும்பி வந்துவிட வேண்டுமாம். கிழிந்தால் ஊசிநூலால் அவளே தைத்துவிடுவாளாம். தராசு இல்லை, அரைப்பேர் இல்லை. ஒரேயொரு சட்டம்தான்: போன புத்தகத்தின் கதையைச் சொன்னால்தான் அடுத்த புத்தகம். மாணவருக்கு மட்டும் என்று சட்டம் இருக்கிறதே என்று மட்டும் கேட்டேன். அவள் பதறவேயில்லை. "நாங்க எங்கங்க எடுக்கிறோம்? புள்ளைங்கதான் எடுத்துட்டுப் போயி அடுப்பு வெளிச்சத்துல சத்தமா வாசிக்குதுங்க. நாங்க கேக்கிறோம். கேக்கக்கூடாதுன்னு எந்தச் சட்டத்துல எழுதியிருக்கீங்க?" என்றாள். எல்லாச் சட்டத்தையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். எதிலும் இல்லை.

பிள்ளைகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு பேர் முகத்திலும் ஒரே பயம், இனி என்ன ஆகுமோ என்று. அந்தப் பயத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை. எனக்கும் ஒரு புத்தகம் கொடு என்று அழகம்மாவிடம் கையை நீட்டினேன். வரிசையில் வரச் சொன்னாள். கடைசியில் போய் நின்றேன், எனக்கு முன்னால் பூரணியின் அம்மா. என் முறை வந்தபோது பூரணி முன்னால் வந்து, போன புத்தகத்தின் கதையைச் சொல்லுங்க மாஸ்டர் என்றாள். மச்சான், எந்தக் கதையைச் சொல்வது? எண்ணினேன், நிறுத்தேன், பூட்டினேன், சாவியைக் கட்டிக்கொண்டு தூங்கினேன். ஒன்றைக்கூட நான் வாசிக்கவில்லை. கொஞ்ச நேரம் அவர்களுக்குள் குசுகுசுவென்று பேசிவிட்டு, பாலர் வகுப்பில் ஆரம்பிக்கட்டும் என்று முடிவு செய்து, அந்தக் குடை விற்ற நரியை என் கையில் கொடுத்தார்கள்.

ஆகையால் மேலே எழுதிய கனப்பலகை, இரும்புப் பட்டை, திருகாணி எதுவும் வேண்டாம். டசின் அலுமாரிக்கும் முன்பக்கம் பித்தளைப் பூட்டு நன்றாகப் பளபளக்கட்டும், முதுகுக்கு இரண்டே ஆணி அடியுங்கள், அதையும் லேசாக அடியுங்கள். நம் அலுமாரியின் மிச்ச ஆணியை அடிக்க வருவதாகச் சொன்னீர்களாம், சுத்தியலை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். இத்தோடு நிறுத்துகிறேன், நரி இன்னும் மூட்டையே கட்டவில்லை. நாளைக்குக் கதையைச் சொல்லாவிட்டால் எனக்கு அடுத்த புத்தகம் கிடையாது.